டாங்கிக்குள் கருகிய சீட்டு

என்னங்க,

கதவு உடைகிற மாதிரி தட்டல். நீங்கள்தான் பாம்பூஃப்ளாட் போகும் படகைத் தவறவிட்டுத் திரும்பினீர்களோ என்று ஓடினேன். பெட்டியோடு ஒரு புது ஆள். பெயர் பக்கிரிசாமி, மெட்ராஸ் கப்பலில் வந்தாராம். “உன் வீட்டுக்காரரும் சண்டையில செத்த என் தம்பியும் ஒரே டாங்கியில இருந்தாங்கம்மா” என்றார்.

பட்டாளத்தில் சமையல் வேலை என்றுதானே என்னிடம் சொன்னீர்கள்? சமையல்காரருக்கு டாங்கிக்குள் என்ன வேலை? லீவு நாளெல்லாம் உட்கார்ந்து தகரம் வெட்டி ஒரு குட்டி டாங்கி, அதற்குள் மூடிவிட்டால் யார் கண்ணுக்கும் தெரியாத ரேடியோ, குண்டு அடுக்கும் தட்டு எல்லாம் எதற்குச் செய்கிறீர்கள்? அதில் உட்காரும் சீட்டுகளில் ஒன்றை மட்டும் ஏன் தீக்குச்சியால் கருக்கினீர்கள் என்று நேற்று கேட்டதற்குத்தான் சாப்பிடாமல் படுத்தீர்கள்.

நான் ஆஸ்பத்திரி டூட்டிக்குக் கிளம்புகிறேன். சுர்மாய் மீன் குழம்பு மூடி வைத்திருக்கிறேன். அவருக்கும் சேர்த்துத்தான் சோறு. அபர்டீன் பஜார் வரை போயிருக்கிறார், சாயங்காலம் வருவார். அவரைக் கண்டு பின்வாசல் வழியாக நழுவாதீர்கள். வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டு தீதியிடம் கொடுங்கள்.

விசாலாட்சி

பி.கு. எழுதலாமா என்று யோசித்தேன். நான் டீ போடும்போது அவர் உங்கள் தகர டாங்கியின் மூடியைத் திறந்துவிட்டார். “இது டிரைவர் சீட்டு, என் தம்பி இடம்” என்று தொட்டார். விரலெல்லாம் கரி. அதைத் துடைக்கவில்லை. அப்புறம் கேட்டார்:

“குண்டு பட்ட உடனே வலி தெரியாமப் போயிட்டான்னுதானேம்மா உன் வீட்டுக்காரர் எங்க அம்மாகிட்ட வந்து சொன்னாரு?”