கேட்டில் தொங்கிய ரோந்து நோட்டு

நான், என் மகன் சேகர், ஆறு வயதுப் பேத்தி அனிதா, குழாய் சரிசெய்ய வந்த தாஸ், எதிர்வீட்டுக் கோமளா, நீங்கள். இருபது வருஷத்துக்கு முன் அன்று காலை பத்தேகாலுக்கு எங்கள் கேட்டருகே நின்றவர்கள் இவ்வளவு பேர்தான், ஏட்டம்மா. நீங்கள் காலமாகி இரண்டு வருஷம் கழித்து, இன்று பீரோவைத் துடைக்கும்போது, எங்கள் கேட்டில் நீங்கள் கட்டித் தொங்கவிட்டிருந்த ரோந்து நோட்டு கையில் அகப்பட்டது. மழையில் ஊறிய அட்டை வாசம் இன்னும் போகவில்லை.

மற்றப் போலீசார் ஒரு வாரக் கையெழுத்தை ஒரே நாளில் போட்டுவிட்டுப் போவார்கள். நீங்கள் மட்டும் மணி பார்த்து எழுதி, அங்கே நிற்பவர்களிடமும் கையெழுத்து வாங்குவீர்கள். அன்று அனிதாகூட அடம்பிடித்து ஒரு ‘அ’ போட்டாள். சேகர் கிண்டல் செய்தான். “தெருவுக்குத் தெரு கேமரா வரப்போவுது ஏட்டம்மா. உங்க நோட்ட பழைய பேப்பர்காரன்கூட எடுக்க மாட்டான்.”

நீங்கள் சிரிக்கவில்லை. “வரட்டும்டா. அது மூஞ்சியக் காட்டும். அந்த மூஞ்சி உன்னுதுன்னு எவனாவது சொல்லிட்டா, நீ வூட்லதான் இருந்தன்னு யாருடா சொல்லுவா? அதுக்கு ஒரு போலீஸ் தெருவுல நடந்துதான் ஆவணும்.”

மூன்றாம் நாளே வந்து சேகரைப் பிடித்துப் போனார்கள். நாம் கேட்டில் நின்ற அதே நேரத்தில் சிட்லபாக்கம் ஏரிக்கரையில் சங்கிலி பறித்தானாம். ரயில்வே வேலைக்கு அவனுக்கு ஆர்டர் வந்திருந்த சமயம். கேஸ் விழுந்தால் எல்லாம் போச்சு. பெற்றவள் சொல்வது செல்லாது என்றார் இன்ஸ்பெக்டர். தாஸ் ஊருக்குப் போய்விட்டான். கோமளா வீட்டுக்கு ஓடினேன். கதவைப் பாதி திறந்து, “அன்னிக்கு நான் வெளியவே வரலியே” என்றாள்.

நீங்கள்தான் நோட்டை அவிழ்த்துக்கொண்டு போய் மேசையில் விரித்தீர்கள். மாலையே என் பிள்ளை வீடு வந்தான்.

‘அ’ போட்டவள் இன்று சப்-இன்ஸ்பெக்டர். தாம்பரத்தில் சுவர் நிறையக் கேமராப் படம் ஓடும் அறையில் வேலை. போன வாரம் மேடவாக்கத்தில் பைக் திருடியவன் என்று கம்ப்யூட்டர் ஒருவனைக் காட்டியதாம். மற்றவர்கள் பிடிக்கக் கிளம்ப, இவள் முதலில் அவன் தெருவில் இறங்கி, அந்நேரம் அவனோடு யார் யார் இருந்தார்கள் என்று வீடு வீடாகக் கேட்டிருக்கிறாள். அவன் இல்லை, வேறு ஆள். “இதவிடப் பெரிய மெஷினெல்லாம் வரும் ஆயா. அப்பவும் நான் எறங்கிப் போய்க் கேப்பேன்” என்றாள், சோற்றைப் பிசைந்தபடி. அது உங்கள் பேச்சு, ஏட்டம்மா.

நோட்டை அவளிடமே கொடுத்துவிட்டேன். சங்கிலி போனவள் பதற்றத்தில் ஆள் மாற்றிச் சொன்னாள், அவளை விட்டுவிட்டேன். இன்ஸ்பெக்டரையும் விட்டுவிட்டேன். ஆனால் அந்தப் பக்கத்தில், சேகர் பெயருக்கு நேர் கீழே, கோணாமல் அழகாகக் கையெழுத்துப் போட்டவள் ஒருத்தி இருக்கிறாள். அவளை மட்டும் மன்னிக்க மாட்டேன்.

எதிர்வீட்டுக் கோமளா.