கை தட்டிய மத்தியானம்

அன்பு மகள் பாப்பாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் இங்கே சுகமாகத்தான் இருக்கிறோம். நீ சுகமா என்று கேட்டு ஆரம்பிப்பதுதான் முறை, ஆனால் அந்த ஒரு கேள்வியைக் கேட்க வேண்டிய நேரத்தில் கேட்காமல் விட்டவள் இப்போது எந்த முகத்தோடு கேட்பது என்று பேனாவைப் பிடித்தபடி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். ஃபோனில் பேசினால் போதாதா என்று அப்பா கேட்டார். ஃபோனை எடுத்தால் என் வாய் சும்மா இருக்காது, நாலு வார்த்தை பேசுவதற்குள் அங்கே காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று தாவிவிடுவேன், அதற்குப் பயந்துதான் காகிதத்தில் எழுதுகிறேன்.

வீட்டு விஷயம் பெரிதாக ஒன்றும் இல்லை. நம் லாண்டரியில் பெரிய மெஷின் மறுபடியும் தண்ணீரை வெளியே விடாமல் அடம் பிடிக்கிறது, மெக்கானிக் வருகிறேன் வருகிறேன் என்று போக்குக் காட்டிக்கொண்டிருக்கிறான், ஓட்டல்காரர் மட்டும் எல்லாப் போர்வையையும் ஒரே நாளில் கேட்டு உயிரை எடுக்கிறார். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, ஆனால் மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டு எனக்கு எல்லாம் தெரியும் என்கிறார். அத்தை ஃபோன் செய்து உன்னை விசாரித்தாள். நன்றாக இருக்கிறாள் என்றேன். எப்படி இருக்கிறாள், வீடு என்ன ஆச்சு, பயந்துட்டாளா என்று அடுத்தடுத்துக் கேட்டாள், அதில் ஒன்றைக்கூட நான் உன்னிடம் கேட்டிருக்கவில்லை. அடுப்பில் பால் இருக்கிறது என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன்.

நடந்தது பாதி உனக்குத் தெரியும், மீதியையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து வைத்தால் எனக்குச் சோறு இறங்காது. துணி காயப்போட்டுப் பிழைக்கிறவளுக்கு வானத்தைப் பார்ப்பது தொழில், அது எப்போது தொழிலை விட்டுப் பைத்தியமாக மாறியது என்று எனக்கே தெரியவில்லை. மருந்துக்கடைக்காரர், பல் டாக்டரம்மா, ரிட்டயரான பிசிக்ஸ் வாத்தியார் என்று புயல் பார்க்கும் எங்கள் கூட்டம் உனக்குத் தெரிந்ததுதான். டீ வருவதற்கு முன்பே இன்றைக்கு சர்க்கரை கம்மி என்று சொல்லிவிடுவாரே, நாங்கள் முன்னறிவிப்பு என்று கூப்பிடுவோமே, அவர்தான் வாத்தியார். லாண்டரியின் பின்னறையில், இஸ்திரி மேஜைக்கு மேலே ஓட்டல் போர்வை ஒன்றைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டு, புரொஜெக்டர் வைத்து அதில் சாட்டிலைட் படம் பார்ப்போம். ஊரான் வீட்டுப் போர்வையில படம் காட்றா பாரு என்று அப்பா முணுமுணுப்பார்.

உன் பக்கத்துக் கடலில் அந்தப் புயல் பிறந்த நாளிலிருந்தே அது எங்களுக்குச் செல்லப்பிள்ளை. இதைச் சொல்லவே நாக்கு கூசுகிறது, நாங்கள் அதைப் பையன் என்றுதான் கூப்பிட்டோம். பையன் இன்னிக்கு சோர்ந்திருக்கான், பையனுக்கு ராத்திரி சரியா தூக்கமில்ல போல, பையன் தேறிட்டான், இப்படித்தான் பேச்சு. நடுவில் ஒரு நாள் மேகமெல்லாம் கலைந்து அவன் இளைத்துப்போனபோது என் வாயிலிருந்து ச்சே என்று வந்தது பாப்பா. அவன் போகும் வழியில் என் மகள் குடியிருக்கிறாள் என்று தெரிந்தேதான் ச்சே என்றேன். மறுநாள் வெதுவெதுப்பான கடலுக்கு வந்து மளமளவென்று அவன் பலம் ஏறியபோது பல் டாக்டரம்மா பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தார், எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்தவள் நான்.

உனக்கு நான் எதுவும் சொல்லாமல் இல்லை. தண்ணீர் பிடித்து வை, ஃபோனை சார்ஜ் போடு, காற்று ஏறியதும் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள், கண்ணாடிப் பக்கம் தலை வைத்துப் படுக்காதே என்று அத்தனையும் சரியாகத்தான் சொன்னேன். அவ்வளவு சரியாகச் சொன்ன அதே வாய்தான் அந்த மத்தியானம் வேறு ஒன்றைச் சொன்னது. இங்கே மத்தியானம், உனக்கு அங்கே இருட்டிவிட்டிருந்தது. போர்வையில் பையனின் நடுவே கண் பளிச்சென்று திறந்துகொண்டிருந்தது, முன்னறிவிப்பு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார், அப்போதுதான் நீ கூப்பிட்டாய். எல்லோரும் கேட்கட்டும் என்று உன்னை ஸ்பீக்கரில் போட்டேன். அதை உன்னிடம் நான் சொல்லவில்லை. நீ, அம்மா, சத்தம் தாங்கலம்மா, காது அடைக்குது என்றாய். எந்தத் தாயாக இருந்தாலும் அந்தக் குரலுக்கு ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லியிருப்பாள். நான் என்ன சொன்னேன்? காது அடைக்குதா, அப்ப அழுத்தம் இறங்குதுடி, பாரோமீட்டர்ல முள்ளு எங்க நிக்குது பாரு என்றேன். பாத்ரூம்ல இருக்கேன்மா என்று நீ இழுத்தாய். ஒரே நிமிஷம், ஓடிப் போய்ப் பாத்துட்டு வந்துடு என்றேன்.

நீ போனாய். சின்ன வயதிலிருந்தே நான் சொன்னால் போய்விடுவாய், கடைக்குப் போ என்றாலும் எதிர்த்துப் பேசமாட்டாய். அந்த பாரோமீட்டரை நீ அந்த நாட்டுக்கு வேலைக்குப் போனபோது நான்தான் வாங்கி அனுப்பினேன், புயலுக்குப் பலம் ஏற ஏற அதில் முள் இறங்கும் என்று உனக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு என்று நீ கத்திச் சொன்னாய். தொள்ளாயிரத்து அறுபதுக்குக் கீழே போகும் என்று எங்கள் கூட்டத்தில் சொல்லியிருந்தவள் நான் ஒருத்திதான், தோற்றவர்கள் டீ கிளாஸ் கழுவ வேண்டும், அதுதான் பந்தயம். அறை முழுக்கக் கை தட்டினார்கள். மற்றவர்கள் மேல் பழி போட்டுத் தப்பிக்க மாட்டேன், முதலில் தட்டியது நான்தான். அந்தச் சத்தத்துக்கு நடுவில் உன் குரல் வந்தது, யாரும்மா கை தட்றாங்க? அதற்கு நான் பதில் சொல்வதற்குள் அங்கே என்னவோ பெரிதாக நொறுங்கியது, லைன் போய்விட்டது.

வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார், எப்போது வந்தார் என்று கவனிக்கவில்லை. நேராக வந்து கிளிப்பை எல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றிப் போர்வையை இறக்கினார், நாலாக மடித்து மேஜைமேல் வைத்தார். என் பொண்ணு அங்க இருக்கா என்றார். கத்தவில்லை, அவ்வளவுதான் சொன்னார். மருந்துக்கடைக்காரர் செருப்பைத் தேடிக்கொண்டு கிளம்பினார், முன்னறிவிப்பு என்னைப் பார்க்காமலே போனார், டீ கிளாஸ்களை நான்தான் கழுவினேன்.

அதற்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. நான் ஃபோனைக் கையிலேயே வைத்திருந்தேன். அதில் சாட்டிலைட் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், உனக்காகத்தான் பார்க்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அது முழு உண்மை கிடையாது. பையன் கரையேறியும் கண் கலையாமல் இருக்கிறான் என்று எனக்குள்ளே ஒருத்தி வியந்துகொண்டுதான் இருந்தாள். கடைசியில் உன் மெசேஜ் வந்தது. நான் நல்லா இருக்கேன், பால்கனிக் கண்ணாடி போயிடுச்சு. அப்பா அதைப் படித்துவிட்டு முகம் கழுவப் போனார், வெகுநேரம் குழாய்ச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

நான் உன் பழைய ஃபோட்டோக்களைத் தேடி எடுத்தேன். புது வீட்டுக்குப் போனதும் நீ அனுப்பினாயே, பால்கனிக் கதவுக்குப் பக்கத்தில் நின்று சிரிக்கிறாய், உன் தோளுக்கு மேலே சுவரில் பாரோமீட்டர். நீ அதை சமையலறையில் மாட்டத்தான் ஆணி அடித்திருந்தாய். வீடியோ காலில் எனக்குத் தெரியவேண்டும் என்று பால்கனிக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டச் சொன்னது நான். எந்த அறையில் மாட்டினாலும் அது ஒரே எண்ணைத்தான் காட்டும், பாத்ரூமில் மாட்டியிருந்தாலும் அதே எண்தான், அது எனக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடிப் பக்கம் போகாதே என்று சொல்லிவிட்டு என் ஆசைக்காக உன்னை அந்தக் கண்ணாடிக்கே ஓட வைத்தேன். உனக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்று ஒரு வரி எழுதினேன், அதை அடித்துவிட்டேன்.

எனக்குக் காய்ச்சல்னு சொன்னாக்கூட அங்க ஈரப்பதம் எவ்வளவுன்னுதான் கேப்ப என்று நீ ஒருமுறை கிண்டல் செய்தாய், நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நேற்று முன்னறிவிப்பு கடைக்கு வந்தார். வெட்கப்பட்டுக்கொண்டேதான் கேட்டார், இருந்தாலும் கேட்டார், பொண்ணு அப்புறம் பார்த்துச்சா, கடைசியா எவ்வளவு வரைக்கும் இறங்குச்சு என்று. அவரைத் திட்டி அனுப்பியிருந்தால் நான் நல்லவள் என்று உனக்கு எழுதியிருப்பேன். தெரியலை சார் என்றேன், அவர் போனபிறகு எனக்கும் அது தெரியவேண்டும் என்று இருந்தது. இவ்வளவு ஆனபிறகும் இருந்தது. இதைவிட அசிங்கமாக என்னைப் பற்றி எனக்கு எழுதத் தெரியாது. அதனால் ஒரு வேண்டுகோள், நீ அந்த முள்ளை மறுபடியும் பார்த்தாயோ இல்லையோ, அந்த எண்ணை என்னிடம் சொல்லாதே. நாளைக்கு நானே கொஞ்சிக் கேட்டாலும் சொல்லாதே.

உடனே ஃபோன் செய் என்று கேட்கமாட்டேன், கோபம் தீரும்வரை கோபமாக இரு, அதற்கு உனக்கு உரிமை உண்டு. அப்பாவிடமாவது பேசு, ஃபோன் அடித்தால் முழங்கால் வலியை மறந்து ஓடுகிறார். புதுக் கண்ணாடி போடுபவனிடம் தடிமனான கண்ணாடி போடச் சொல், சொன்னதைத்தான் போடுகிறானா என்று பக்கத்தில் நின்று பார். வேளாவேளைக்குச் சாப்பிடு. உனக்கு ஒரு குறையும் வராமல், நிம்மதியாகத் தூங்கி எழுந்து, நல்லவர்கள் சூழ நீ நீண்ட நாள் வாழவேண்டும் என்று அப்பாவும் நானும் மனதார ஆசீர்வதிக்கிறோம். கண்ணாடித் தூள் எவ்வளவு கூட்டினாலும் மூலையில் மிச்சம் இருக்கும், வீட்டுக்குள்ளும் செருப்புப் போட்டுக்கொண்டே நட, மறந்துவிடாதே.

பாப்பா, நீ சுகமா? அன்றைக்கு லைன் போனபிறகு, அந்த இருட்டில், உன் பக்கத்தில் யாராவது இருந்தார்களா?

இப்படிக்கு,
கேட்கத் தாமதமான உன் அம்மா