பேயை அடக்கிய லீவர்

ஆகஸ்ட் 9, ஞாயிறு

பள்ளி பேண்டின் பழைய பித்தளை டிரம்முக்கு அடியில் ஒரு கம்பிச் சரம் உண்டு. அதைத் தளர்த்தும் லீவர் இறுகிப்போனதிலிருந்து, பக்கத்தில் யார் கத்தினாலும் டிரம் தானாகவே உறுமும். அதைப் பேய் என்று சொல்லி ஆறாம் வகுப்பையே அலறவைத்தேன். ஆனால் சுதந்திர தினத்தில் கொடியேறும் அமைதியில் யாராவது கட்டளையிட்டு அது உறுமினால், வாசிக்கும் மலரக்காவின் மானம் போய்விடும்.

இன்று நானும் அக்காவும் டிரம்மைத் தூக்கிக்கொண்டு போக, செம்மேட்டில் பேண்டு செட் வைத்திருக்கும் மாமா இரண்டு லீவர்களை எடுத்து வைத்தார். நான் பளபளப்பானதைக் காட்டினேன்.

"இதப் போட்டா டிரம்முக்கே கல்யாணக் களை வந்துருங்க்கா."

"இதுக்குப் புதுசா ஓட்டை போடோணுங்களா மாமா?"

"ஆமா கண்ணு."

"அப்ப வேண்டாங்க. பழைய ஓட்டையிலயே ஒக்கார்றதக் குடுங்க."

மங்கலாக இருந்த மற்றதை அக்கா மாட்டி, ஒரு விரலால் இறக்கினாள். சத்தமே இல்லாமல் கம்பி விலகியது.

"எங்கடா, உன்ற பேயக் கூப்புடு."

தொண்டை கிழிய ஊளையிட்டேன். டிரம் மூச்சு விடவில்லை. லீவரை ஏற்றி ஒரே ஒரு அடி அடித்தாள். வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது.

பேய் போனதில் எனக்கு நஷ்டம்தான். இருந்தாலும் சனிக்கிழமை எல்லோரும் கொடியைப் பார்க்கும்போது, நான் அக்காவின் அந்த ஒற்றை விரலைத்தான் பார்ப்பேன்.