ஒரே மாடிக்கு இரண்டு பதில்

மார்ச் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

ஒரே ஊரில் இருந்துகொண்டு கடிதமா என்று சிரிப்பாய். சிரி. போனில் உன் குரலைக் கேட்டால் இளகிவிடுவேன். எழுதினால் இளக மாட்டேன்.

நான் நலம். அண்ணியின் முழங்கால் வலி தேவலையா?

எட்டாம் வகுப்புக்கு ஒரு பாடம் எடுக்கிறேன். மனிதர்களைப் பார்க்கும் முன்பே அவர்களைப் பற்றி முடிவு செய்துவிடுகிறோமே, அதைப் பற்றி. புத்தகத்தில் ஒரே ஒரு பக்கம். கைகோத்து நிற்கும் குழந்தைகளின் படம். பிள்ளைகள் அதற்கு மீசை வரைந்து முடித்துவிட்டார்கள்.

வேறு வழி தேடினேன். 'வீடு வாடகைக்கு' பலகைகளில் இருந்த எண்களைப் பிள்ளைகளே குறித்து வந்தார்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் இரண்டு அழைப்பு. முதலில் வகுப்பில் நம்மைப் போலப் பேசும் ஒரு பெண். சற்றுக் கழித்து, வெளியிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பையன் ஒருவன். அவர்கள் பேச்சின் இழுப்பு உனக்குத் தெரியும். எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்பதால் வகுப்பில் அவனுக்கு 'வக்கீல்' என்று பெயர். அவனை இதில் இழுக்க எனக்குத் தயக்கம். அவன்தான், "நானே பேசுறேன் டீச்சர். எங்க வீட்ல வீடு தேடி போன் பண்றது நான்தான். பழக்கம்" என்றான்.

நேற்று ஆசிரியர் அறையில், எல்லோருக்கும் கேட்கும்படி போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஓர் எண். எடுத்தது நீ.

அந்தப் பெண்ணிடம்: "மாடி காலியாத்தான் இருக்கும்மா. நல்லா காத்து வரும். ஞாயித்துக்கிழமை அப்பா அம்மாவக் கூட்டிட்டு வா."

அவனிடம்: "அடடா, இப்பதாம்ப்பா ஒருத்தருக்குக் குடுத்தேன். கொஞ்சம் முந்தியிருக்கக் கூடாதா? வெயில்ல அலையாதப்பா."

மற்ற வீட்டுக்காரர்கள் அவன் குரலைக் கேட்டதும் போனைப் பட்டென்று வைத்தார்கள். ஒருவர் திட்டினார். நீ மட்டும் அன்பாகப் பேசினாயாம். பிள்ளைகள் உனக்கு 'வெயில் மாமா' என்று பட்டமே கொடுத்துவிட்டார்கள். "நடுவுல நெஜமாவே யாராச்சும் வந்திருப்பாங்க டீச்சர், பாவம் இவரு" என்றாள் அந்தப் பெண். வக்கீல் நிமிரவில்லை. "இவரு மாதிரிதான் நெறைய பேரு" என்றான்.

அண்ணா, மாடியைக் கொடுத்துவிட்டாயா?

இந்தப் பாடத்துக்கு ஒரு விதி வைத்திருக்கிறேன். மற்றவர்களைப் பற்றித் தன் வீட்டில் என்ன பேசுகிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று ஒவ்வொருவரும் எழுந்து சொல்ல வேண்டும். ஆசிரியரும்தான். என் முறை வருகிறது. சொல்லும் முன் உனக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன். அனுமதி கேட்கவில்லை.

உன்
குட்டி

மார்ச் 7

குட்டிக்கு அண்ணன் எழுதுவது.

நான் கடைசியாகக் கடிதம் எழுதியது கல்யாணத்துக்கு முன்பு, உன் அண்ணிக்கு. அதற்கே இன்னும் பதில் வரவில்லை.

மாடி காலிதான். அந்தப் பையனைக் கடிந்து ஒரு சொல் சொன்னேனா? என் டயர் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அவர்கள்தான். எனக்கு யார்மேலும் வெறுப்பு இல்லை. ஆனால் வீடு வேறு, கடை வேறு. ஒரு குடும்பம் என்று சொல்லிக்கொண்டு வந்து கூட்டமாகத் தங்கிவிடுவார்களாம், என் மச்சான் சொன்னான். கீழ் வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். எல்லாவற்றையும் நான்தானே பார்க்க வேண்டும்?

பாடம் எடு. நான் குறுக்கே நிற்கவில்லை. யாரோ ஒருத்தர் என்று சொல்லிவிட்டுப் போயேன். அப்பா போன பிறகு உன் பள்ளிக்கூடக் கூட்டத்துக்கெல்லாம் வந்து நின்றவன் நான். அதே பள்ளிக்கூடத்தில் என் மானத்தை வாங்காதே.

அண்ணி உன்னைச் சாப்பிட வரச் சொன்னாள். கோபத்தோடு வந்தாலும் சரி.

அண்ணன்

மார்ச் 9

அன்புள்ள அண்ணனுக்கு,

வந்து நின்றாய். நான் கணக்கில் தோற்றதற்கு, ஏதோ நீ தோற்றதுபோலக் கைகட்டி நின்றாய். அதனால்தான் 'யாரோ ஒருத்தர்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கெட்டவர்கள்தான் இதையெல்லாம் செய்வார்கள் என்று என் பிள்ளைகள் நம்புகிறார்கள். நானும் நம்பிக்கொண்டிருந்தேன், போன வாரம்வரை.

உன் மச்சானுக்கு அவர்களில் எத்தனை பேரைத் தெரியும்? கேட்டுப் பார்.

தலைமையாசிரியருக்கும் பிடிக்கவில்லை. "பேரன்ட்ஸ் வந்து கத்துவாங்கம்மா, நமக்கேன் வம்பு?" என்றார். "வரட்டும் சார், நாற்காலி போட்டு வைக்கிறேன்" என்றேன்.

வெள்ளிக்கிழமை சொல்லப்போகிறேன். முடித்துவிட்டுச் சாப்பிட வருகிறேன். அப்போதும் கூப்பிட்டால்.

குட்டி

மார்ச் 12

அண்ணா,

சொல்லிவிட்டேன்.

உன் பெயரைச் சொல்லவில்லை, கடையைச் சொல்லவில்லை. "வெயில் மாமா என்னோட அண்ணன்" என்றேன். அவ்வளவுதான். யாரோ சிரித்தார்கள்.

"அவரு நல்லவரு டீச்சர்" என்றாள் அந்தப் பெண்.

"நல்லவர்தான். செஞ்சது தப்பு" என்றேன்.

இரண்டையும் ஒரே ஆளிடம் சேர்த்துப் பார்க்க அவர்களால் முடியவில்லை. எனக்கும் இன்னும் பழகவில்லை.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "எங்கப்பாவும் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு, யாரையும் பார்க்காமல் உட்கார்ந்தான். பிறகு வக்கீல் கையைத் தூக்கினான். பெரிதாக ஏதோ கேட்கப்போகிறான் என்று என்னைத் தயார்ப்படுத்திக்கொண்டேன்.

"டீச்சர், அப்ப அந்த மாடி இன்னும் காலியாத்தான் இருக்கா?"

எனக்கு அது பாடம். அவனுக்கு அது வீடு. அப்பா, அம்மா, ஒரு தங்கை, அவன். மாதக் கடைசியில் இப்போதிருக்கும் இடத்தைக் காலி செய்ய வேண்டும்.

காலிதான் என்றேன்.

வரும் செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டதும் உன்னைக் கூப்பிடுவான். நான் பக்கத்தில் இருக்க மாட்டேன். தான் யார் என்று அவனே சொல்வான். இல்லை என்று சொல்ல உனக்கு உரிமை இருக்கிறது, வீடு உன்னுடையது. ஆனால் கொடுத்தாயிற்று என்று மட்டும் சொல்லாதே. என்ன காரணமோ, அதை அப்படியே அவனிடம் சொல்.

சொல்ல முடிகிறதா என்று பார்.

உன்
குட்டி