சிவந்த நாக்கு

நேற்று தஞ்சோங் காராங்கில் ஒரு கல்யாண விருந்து. உட்கார்ந்ததும் கையில் ஒரு கிளாஸைக் கொடுத்தார்கள். ரோஸ் நிறம், மேலே ஐஸ் மிதக்கிறது. சிராப் என்கிற ரோஜாப் பாகில் டின் பால் கலந்த அதே தண்ணீர். வாயருகே கொண்டுபோனதும் ரோஜா வாசனை மூக்கில் ஏறியது. அப்படியே மேசைமேல் வைத்துவிட்டேன். "இனிப்பு ஆகாதா தாத்தா?" என்று பேத்தி கேட்டாள். ஆகாதுதான். ஆனால் காரணம் அது இல்லை என்று என்னோடு குடித்தனம் நடத்திய உனக்குத் தெரியும். எனக்குத்தான் எழுத்து வராதே; நான் சொல்லச் சொல்ல அவள்தான் இதை எழுதுகிறாள்.

நம் மகள் மூணாம் பாரம் படித்த வருஷம். பள்ளிக்கூடத் திடலில் வெயிலில் நின்றவள் சரிந்து விழுந்துவிட்டாள் என்று சொல்லி அனுப்பினார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கிற டிரசர் அவள் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். உள்ளே வெளுத்துக் கிடந்தது. "வயசுக்கு வந்த புள்ள, ரத்தம் கம்மியா இருக்கு அண்ணே. வளர்ற வயசு வேற. மீனு, முட்டை, ஈரல், கீரை, இதெல்லாம் நல்லா குடுங்க" என்றார். நீ முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாய். என் காதில் ரத்தம் என்ற ஒரு சொல்தான் விழுந்தது. சுற்றிலும் நம் லயத்து ஆட்கள் மருந்துக்கு நின்றார்கள். பெற்ற பிள்ளைக்கு நான் சோறு போடவில்லை என்று எல்லார் முன்னாலும் சொன்ன மாதிரி எனக்கு முகம் கறுத்துப்போனது.

அன்று சாயந்திரமே சைக்கிளை மிதித்துக் கடைக்குப் போனேன். பாட்டிலில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது. ரோஜாப்பூ படம் இருந்தது. உள்ளே இருந்தது ரத்தம் மாதிரியே சிவப்பு. சிவப்பு உள்ளே போனால் சிவப்புதானே ஊறும்? பாலும் சத்து என்றார்கள். அதனால் டின் பாலும் வாங்கினேன். பள்ளிக்கூடம் போகுமுன் ஒரு கிளாஸ், வந்ததும் ஒரு கிளாஸ், என் கையாலேயே கலக்கிக் கொடுத்தேன்.

ஒருநாள் டின் பால் தீர்ந்துபோய் வெறும் சிராப்பைக் கரைத்துக் கொடுத்தேன். அவள் நாக்கு செக்கச் செவேலென்று ஆகிவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. குழாயடியில் நின்ற பொம்பளைகள் முன்னால் அவளை இழுத்துப் போனேன். "நாக்க நீட்டு லா! பாத்தீங்களா, ரத்தம் ஊறிடுச்சு!"

"அப்ப எம்மவன் ஐஸ் குச்சி தின்னாலும் ரத்தம் ஊறுதுண்ணே!" என்று ஒருத்தி சொல்ல, குழாயடியே சிரித்தது. பதினைந்து வயதுப் பெண், கண்ணில் தண்ணீர் முட்ட நாக்கை நீட்டியபடி நின்றாள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன்.

இனிப்பு வயிற்றை அடைத்து, அவள் தின்கிற சோறும் குறைந்தது. சோறு என்றால்தான் என்ன? மீனின் நடுத்துண்டு எனக்கு. முட்டை எனக்கும் பையன்களுக்கும். நாங்கள் கை கழுவின பிறகுதான் நீயும் அவளும் உட்காருவீர்கள். சட்டியில் குழம்பு இருக்கும். "ஏங்க, டிரசர் சொன்னாரே, அவளுக்கும் ஒரு துண்டு எடுத்து வைக்கவா?" என்று கேட்டாய். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு? அதான் பாட்டில் வாங்கிப் போட்டிருக்கேன்ல" என்றேன்.

இரண்டாம் முறை அவள் விழுந்தது நம் அடுப்படியில். நெருப்பில் சாயாமல் நீ ஓடிவந்து தாங்கிக்கொண்டாய். அன்று பொழுது சாய்ந்ததும் சாப்பிடக் கூப்பிட்டாய். எனக்கும் பையன்களுக்கும் சோறு, குழம்பு, பக்கத்தில் ஆளுக்கொரு கிளாஸ் சிராப். எனக்கு எதிரே மகளை உட்கார வைத்திருந்தாய். மீன், முட்டை, முருங்கைக்கீரை எல்லாம் அவள் தட்டில்.

"என்ன புள்ள இது?"

"அது டிரசர் சொன்ன மருந்து. இது நீங்க வாங்குன மருந்து. வெயில்ல வேல செய்யிற ஒடம்பு, ரத்தம் ஊற வேணாமா? குடிங்க லா."

சின்னவன் களுக்கென்று சிரித்தான். நீ சிரிக்கவில்லை. மகள் தட்டைத் தொடாமல் என் முகத்தையே பார்த்தாள். பசித்த பிள்ளை, மீனை முன்னால் வைத்துக்கொண்டு என் உத்தரவுக்குக் காத்திருந்தது. அந்தப் பார்வையில் என் மானம் போனது. கிளாஸை எடுத்து ஒரே மூச்சில் குடித்தேன். "சாப்புடும்மா" என்றேன்.

அதற்குப் பிறகு நம் வீட்டில் முதல் தட்டு அவளுக்குத்தான். இமைக்குள் சிவப்பு வந்தது. நானே இழுத்து இழுத்துப் பார்ப்பேன். கொஞ்ச நாளில் என் தட்டுக்கும் மீன் திரும்பி வந்தது. எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. திருந்திவிட்டேன் என்று பல வருஷம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

நீ படுக்கையில் விழுந்தபோது ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் உன் இமையை அதே மாதிரி இழுத்துப் பார்த்தாள். "அம்மாவுக்கு ரத்தம் ரொம்பக் கம்மிங்க. இது இப்ப வந்தது இல்ல, ரொம்ப வருஷமா இருந்திருக்கும்" என்றாள். மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

நீ போன பிறகு மகள் வீட்டில்தான் இருக்கிறேன். "சோறு ஆறுதுப்பா, ஒக்காருங்க" என்று கூப்பிட்டாலும், அவள் தட்டில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்காமல் நான் கை நனைப்பதில்லை. பேத்தியின் தட்டையும் பார்க்கிறேன். "ஸ்பை பண்றீங்களா தாத்தா?" என்று கிண்டல் செய்கிறாள்.

பாட்டில் மேல் இருந்த பூ, டிரசரின் குரல், குழாயடிச் சிரிப்பு, எல்லாம் அப்படியே நினைவில் இருக்கிறது. உன் தட்டில் என்ன இருந்தது என்று மட்டும் எவ்வளவு யோசித்தாலும் வரவில்லை. மறந்துபோகவில்லை. நான் பார்த்ததே இல்லை.