கிளவுசோடை அமத்த ஏலாத பட்டன்

அன்புள்ள கம்சாயினிக்கு,

நான் சுகம். நீரும் பிள்ளையும் எப்பிடி? அம்மாவை முழங்கால் நோவுக்கு ஊர்காவற்றுறை ஆசுபத்திரியிலை காட்டினனீரோ?

நான் வேலை செய்யிற குளிரறையிலை இறைச்சிப் பெட்டியளை ஒரு சின்ன மெசினிலை பதிஞ்சுதான் அனுப்பவேணும். அதின்ரை பட்டனுகள் பயறளவு. கிளவுசோடை அமத்த ஏலாது. கழட்டிக் கழட்டி அமத்தினதிலை ரெண்டு விரல் கொஞ்சம் விறைச்சுப்போச்சு. இப்ப பரவாயில்லை, யோசியாதையும்.

போன கிழமை அந்த மெசின் செய்யிற கொம்பனியிலையிருந்து ஒரு இளம் பொம்பிளைப் பிள்ளை வந்து, பக்கத்திலை நிண்டு நான் வேலை செய்யிறதைப் பாத்தவ. நான் பிழையா அமத்திப்போட்டு மன்னிப்புக் கேட்டன். "பிழை உங்களிலை இல்லை, மெசினிலை. உங்களுக்கு என்ன கஷ்டம், சொல்லுங்கோ" எண்டு கேட்டவ. கனடாவுக்கு வந்த பிறகு ஆரும் என்னட்டை அப்பிடிக் கேட்டதில்லை. பட்டன் பெரிசா வேணும் எண்டு மட்டும் சொன்னன்.

என்ரை அறையிலை இருக்கிற நிமலன் நாளைக்கு ஊருக்கு வாறான். இதை அவனிட்டைக் குடுத்துவிடுறன். அவன் திரும்பேக்கை பனங்கிழங்கு ஒடியல் மாவும், விரலுக்குப் பூச வேப்பெண்ணெயும் குடுத்துவிடும்.

போனிலை நீர் "சாப்பிட்டாச்சோ" எண்டுதான் கேக்கிறனீர். நானும் ஓம் எண்டிடுவன். அடுத்தமுறை அந்தக் கொம்பனிப் பிள்ளை கேட்டமாதிரி ஒருக்காக் கேளும்.

வேலைக்குப் போற பஸ் வந்திட்டுது.

உம்மடை
நிரோசன்