கோட்டைக் கல்லுக்குக் கட்டிய துணி

மதினி,

இன்று காலை ராஜபாளையத்திலிருந்து பேண்டேஜ் துணிக் கட்டு வந்தது. பிரித்ததும் கஞ்சி வாடை. நீங்கள் கண்மூடிய பிறகு உங்கள் தறியிலிருந்து வந்த முதல் கட்டு இது. சற்று நேரம் அதன்மேல் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

கடலுக்குள் நீண்டிருக்கும் இந்தப் பாறைமுனைக் கோட்டையின் வாசலில் அந்த ஏழு வரிக் கல்வெட்டு அப்படியே இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் உப்பேறி எழுத்து உதிரத் தொடங்கியபோது, பெயர்த்து அருங்காட்சியகத்தில் வைத்துவிடலாம் என்றார் எங்கள் தொல்லியல் துறை மேலதிகாரி. கடலைப் பார்க்க வெட்டிய எழுத்து கடலைப் பார்த்தே இருக்கட்டும் என்று நான் மல்லுக்கு நின்றேன். உப்பை இறக்கிக் காட்ட ஒரு மாதம் தந்தார். கல்லின்மேல் மெல்லிய துணி விரித்து, நனைத்த காகிதக் கூழை அப்பினால், காயும்போது கூழ் உப்பை இழுத்துக்கொள்ளும். அண்ணன் வீட்டில் தறி ஓடும்போது துணிக்கு வேறு எங்கே போவேன்?

நீங்களும் அவசரத்தில் தறியிலிருந்து இறக்கியதை அப்படியே அனுப்பினீர்கள். நூலுக்குப் போட்ட கஞ்சி அலசப்படவில்லை. எனக்கும் பார்க்கத் தோன்றவில்லை. நான்காம் நாள் எறும்பு சாரைசாரையாக ஏறியது. துணி கல்லோடு ஒட்டிக்கொண்டது. இழுத்தால் எழுத்தும் கூடவே வரும். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

போன் செய்த மறுநாளே வந்துவிட்டீர்கள், ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி என் அம்மாவிடம் புளியோதரை வேறு கட்டி வாங்கிக்கொண்டு. கடலை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"புண்ணுல ஒட்டுன கட்டைப் பிச்சா எடுப்பாக? நல்ல தண்ணி கொண்டா ஏட்டி."

பகல் முழுக்கப் பஞ்சை நனைத்து நனைத்துப் பிழிந்தீர்கள். என்னைத் தொடவிடவில்லை. "அலசாமக் குடுத்தது என் தப்பு. நாந்தான் எடுப்பேன்."

பொழுது சாயும்போது கடைசி மூலையும் வந்தது. ஓர் எழுத்துகூட உடன் வரவில்லை. நான் அழுதேன். நீங்கள் துணியைப் பிழிந்து கொடியில் போட்டீர்கள்.

கிளம்பும்போது சொன்னீர்கள்: "இனி யாரு குடுத்தாலும், நானே குடுத்தாலும், ஒரு துண்டக் கிழிச்சுத் தண்ணியில போடு. கஞ்சி போயிருந்தா முங்கும். மிதந்தா திருப்பி அனுப்பு."

அலசிய துணி வந்தது, உப்பு இறங்கியது, பெயர்க்கும் பேச்சு நின்றது. ஆண்டுதோறும் மழைக்கு முன் கல்லுக்குக் கட்டுப் போடுகிறேன்.

இன்றும் ஒரு துண்டு கிழித்து வாளியில் போட்டேன். மிதந்தது.

உங்கள் மகனைப் போனில் கூப்பிட்டேன். "ஏலே, மிதக்குது. கட்டைத் திருப்பி அனுப்புதேன், அலசிக் குடு."

"அம்மா மாதிரியே பேசுதீக அத்தை," என்றான். பிறகு, "பத்து நாளாகும், பரவாயில்லையா?"

"ஆகட்டும்லே. கல்லு எங்கயும் போகாது," என்றேன்.